இன்னும் ஒரு வெயில்

எங்கள் வீட்டில் வெயிலை எண்ணுவார்கள். மோர் மிளகாய்க்கு ஆறு வெயில், மாங்காய் வத்தலுக்கு நாலு, ஜவ்வரிசி வத்தலுக்கு ரெண்டு. "எத்தனை வெயில் ஆச்சு?" என்று என் மாமியார் கேட்டால், எத்தனை நாள் காய்ந்தது என்று பொருள். மேகம் மூடிய நாள் கணக்கில் வராது. அரை நாள் அடித்தால் அரை வெயில். கல்யாணமாகி சேலம் அம்மாபேட்டைக்கு வந்த புதிதில் இந்தக் கணக்கு புரியாமல், நாலு வெயில் காய வேண்டிய மாங்காயை மூன்றாவது வெயிலிலேயே டப்பாவில் அடைத்துவிட்டேன். மொத்தமும் பூசணம். இருபத்திரண்டு வருஷம் ஆகியும் விசேஷ வீடுகளில் அந்தக் கதை வெளியே வராமல் இருந்ததில்லை.

2024 கத்திரி மே 4 அன்று தொடங்கியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ரயிலில் நாத்தனார் இரண்டு பிள்ளைகளோடு சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். பெரியவள் பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தாள். சின்னவனுக்கு எட்டு வயது. என் மகள் பாட்டியை அப்பாயி என்பாள், இவர்கள் இருவரும் அம்மாயி என்பார்கள். ஒரே ஆளை இரண்டு பெயரில் கூப்பிட்டுக்கொண்டு மூன்று பிள்ளைகள் ஒரே சமயத்தில் கத்தினால், மாமியார் யாருக்கும் பதில் சொல்லாமல் மாடிக்குப் போய்விடுவார்.

"அத்தை, எங்க ஊரை விட இங்க மோசமா இருக்கு" என்றான் சின்னவன், பத்து மணிக்கே.

அவன் சொன்னது பொய்யில்லை. சேலம் ஒரு சட்டி. வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. சென்னைக்காரர்களுக்குச் சாயங்காலமானால் கடல் காற்றாவது வரும். எங்களைச் சுற்றி நிற்பதெல்லாம் கல். பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கத் துப்பும். மூன்று மணிக்கு மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் வரும் குழாயைத் திறந்தால் டீத்தூள் போட்டுவிடலாம் போலிருக்கும். பேப்பரில் 104 டிகிரி என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு, "ஊருக்குக் காய்ச்சலா?" என்று கேட்டான். போனில் 40 என்று காட்டுவதும் இதுவும் ஒன்றுதான் என்று அவனுக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது.

வீட்டில் ஏசி உள்ள அறை ஒன்றுதான். மத்தியானம் பன்னிரண்டு முதல் நாலு வரை ஐந்து பேரும் அதற்குள் அடைந்து கிடந்தோம். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தால் ஆறு. மாமியார் மட்டும் உள்ளே வரமாட்டார். "எலும்பு குத்துது" என்று நடையில் ஈரத்துண்டை விரித்து, அதன் மேல் தலையணையில்லாமல் படுத்துக்கொள்வார். எழுபத்து மூன்று வயது. எங்களில் யாரை விடவும் நன்றாகத் தூங்கியது அவர்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அதனால் அந்த வாரம் எங்களுக்கு நாள் என்பது இரண்டு துண்டாக இருந்தது. காலை ஐந்து முதல் ஒன்பது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல். நடுவில் உள்ளது யாருக்கும் சொந்தமில்லாத நேரம்.

காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பால் வாங்கப் போவேன். அம்மாபேட்டை நெசவாளர் பேட்டை. கைத்தறி குறைந்து விசைத்தறி பெருகிவிட்டாலும், சில தெருக்களில் விடியும் முன்னே பாவு இழுத்திருப்பதை இன்றும் பார்க்கலாம். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஆயிரக்கணக்கான நூல், இடுப்பு உயரத்தில், ஒரே அகலமாக. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி தடவி, ஒட்டிக்கொள்ளாமல் நூலைப் பிரித்துவிட்டுக்கொண்டே நடப்பார்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். முறுகக் காய்ந்த நூல் தறியில் ஏறினால் அறுந்துகொண்டே இருக்கும். இதற்கென்றே விட்டுவைத்த மைதானங்களுக்குப் பாவடி என்று பெயர். இப்போது பல பாவடிகளில் பள்ளிக்கூடமோ மண்டபமோ நிற்கிறது. பெயர் மட்டும் போகவில்லை. சின்னவன் குனிந்து நூலுக்கு அடியில் போய் மறுபக்கம் எழுந்தான். கஞ்சி தடவிக்கொண்டிருந்த பெரியவர் கத்துவார் என்று பார்த்தேன். "இன்னொரு தடவை போயிட்டு வா சாமி, நூல்ல தலை படாம" என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தட்டுவடை செட். இதைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் "தட்டை சாட் மாதிரியா?" என்பார்கள். எனக்குக் கோபம் வரும். உள்ளங்கையில் பாதிக்கும் சின்னதாக ஒரு தட்டுவடை. அதன் மேல் புதினா மல்லிச் சட்னி ஒரு தீற்று, பூண்டு மிளகாய்ச் சட்னி ஒரு தீற்று. அப்புறம் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக அரிந்த வெங்காயம். மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து ஒரு அமுக்கு. அவ்வளவுதான். எங்கள் தெருமுனைக் கடை அக்கா பத்துத் தட்டுவடையை வரிசையாக அடுக்கி, சட்னி தடவிய விரலால் துருவலைத் தொடாமல், துருவல் அள்ளிய விரலால் சட்னியைத் தொடாமல், ஒரே கையில் இரண்டு வேலையும் செய்வார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சட்னிக்கு. மற்ற மூன்று விரல் காய்க்கு. பேச்சும் நிற்காது. பெரியவள் இதை போனில் படம் எடுத்தாள். படத்தில் கை மங்கலாகத்தான் விழுந்திருந்தது.

முழு செட்டையும் ஒரே வாயில் போட வேண்டும். கடித்தால் பாதி சட்டையில். இது சென்னைப் பிள்ளைகளுக்கு மூன்றாவது தட்டில்தான் புரிந்தது.

புதன்கிழமை மேட்டூர். அதாவது மேட்டூருக்கும் தாண்டிப் பண்ணவாடி. என் வீட்டுக்காரர் அரை நாள் லீவு போட்டார். அணைப் பூங்கா, மீன் வறுவல் என்று வழக்கமாகப் போய் வருவதுதான். அந்த வருஷம் ஒரு விசேஷம் இருந்தது. 120 அடி கொள்ளும் அணையில் நீர்மட்டம் 50 அடி சொச்சத்துக்கு இறங்கிக் கிடந்தது. 1934இல் அணை கட்டி முடித்துக் காவிரியைத் தேக்கியபோது முழுகிப்போன ஊர்கள் பல. தண்ணீர் வற்றும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய சிவன் கோவிலின் நந்தியும், கிறிஸ்தவக் கோவிலின் இரட்டைக் கோபுரமும் வெளியே வந்து நிற்கும்.

கொளத்தூர் வழியாகப் போய் இறங்கியபோது சாயங்காலம் ஐந்து. மற்ற மாதங்களில் பரிசல் போகும் இடத்தில் நாங்கள் நடந்து போனோம். வண்டல் வெடித்து, ஒவ்வொரு துண்டும் ஒரு தாம்பாளம் அளவுக்குப் பிளந்து கிடந்தது. விளிம்பெல்லாம் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். மிதித்தால் பப்படம் உடைகிற சத்தம். சின்னவனுக்கு நந்தியைப் பற்றிக் கவலையே இல்லை, மண்ணை உடைப்பதிலேயே குறியாக இருந்தான். பெரியவள்தான் நந்தியின் பக்கத்தில் நின்று, அதன் முதுகில் எந்த உயரம் வரை தண்ணீரின் கறை இருக்கிறது என்று தேடினாள். கறைக்கு எல்லை என்று ஒன்று இல்லை. நந்தி மொத்தமும் அடியில் கிடந்ததல்லவா.

"இங்க இருந்தவங்க எங்க போனாங்க மாமா?"

"கரைக்கு மேல ஏறிட்டாங்க. வேற ஊர் கட்டிக்கிட்டாங்க."

"சாமியை விட்டுட்டா?"

அவருக்கு அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் இருக்கும் பக்கத்தைக் காட்டி, அதோ எதிர்க்கரை நாகமரை, தர்மபுரி மாவட்டம் என்று பேச்சை மாற்றினார். வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி டெல்டாவுக்குத் தண்ணீர் திறப்பார்கள். அந்த ஆண்டு அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. வெடித்த மண்ணில் நடந்த எங்களுக்கு அது பிறகு பேப்பரில் வந்தபோது ஆச்சரியமாக இல்லை. திரும்பும் வழியில் மேட்டூரில் மீன் சாப்பிட்டோம், நன்றாக இருந்தது, முள் அதிகம்.

வெள்ளிக்கிழமை, மே 10, பத்தாம் வகுப்பு ரிசல்ட். அன்றைக்குத்தான் அட்சய திருதியையும். செவ்வாய்பேட்டை வெள்ளிக்கடைப் பக்கம் போக வேண்டாம் என்று வீட்டுக்காரர் முதல் நாளே எச்சரித்துவிட்டார். கொலுசு ஊருக்கே கொலுசு வாங்க வரும் கூட்டம் அது. நாங்கள் ஒன்பது மணியிலிருந்து நடையில் உட்கார்ந்து நாலு போனில் ஒரே பக்கத்தைத் திறந்துகொண்டிருந்தோம். பெரியவள் பேசாமல் மாடிக்குப் போய் மாமியாரோடு மோர் மிளகாய் திருப்பிக்கொண்டிருந்தாள். 441 என்று நாத்தனார் கீழிருந்து கத்தியபோது இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமியார் மட்டும் வந்து, "புள்ள அழுது முடிச்சதும் வரும். காபி போடு" என்றார்.

அன்று ராத்திரிதான் ஏற்காடு பேச்சு எழுந்தது. சனிக்கிழமை போவது, ஞாயிறு ராத்திரி ரயிலுக்கு நாத்தனார் கிளம்புவது. மாமியார் உடனே, "அப்ப நாளைக்கு நான் வத்தல் ஊத்தறேன். சனி ஒரு வெயில், ஞாயிறு ஒரு வெயில். ராத்திரி பையில போட்டுக் குடுத்துடலாம்" என்றார். எல்லாரும் சேர்ந்து போகலாம், வத்தல் அடுத்த வாரம் என்றோம். கேட்கவில்லை. வீட்டில் ஆள் இல்லாவிட்டால்தான் வேலை ஓடும் என்றார். அது எங்களுக்குக் கொஞ்சம் சுருக்கென்று பட்டாலும் உண்மைதான்.

மாமியாருக்கும் ஜவ்வரிசிக்கும் உள்ள பழக்கம் சமையலறையில் தொடங்கியதில்லை. அவர் பிறந்தது ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டு வயதில் அம்மாவோடு சேகோ பேக்டரிக் களத்துக்கு வேலைக்குப் போனவர். ஜவ்வரிசி எங்கிருந்தோ வரும் மளிகைச் சாமான் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. தோல் சீவி, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் உறையும் மாவை உடைத்துத் தூளியில் குலுக்கினால் மணி மணியாகத் திரளும். அதைச் சூடு காட்டி, களத்தில் கொட்டிக் காய வைக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் வெளியூர் ஜவ்வரிசி கப்பலில் வருவது நின்றபோது சேலத்தில் இந்தத் தொழில் பிடித்துக்கொண்டது. இன்று ஊருக்கு அதில் பெயர். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கொடுத்துவிட்டார்கள்.

புவிசார் குறியீடு என்றால் மாமியாருக்கு ஒன்றுமில்லை. அவருக்கு நினைவில் இருப்பது களம். சிமெண்ட் தளம் முழுக்க வெள்ளை, அதன் மேல் வெயில், கண்ணைத் திறக்க முடியாது. வெறுங்காலால் கோடு இழுத்துக்கொண்டே நடந்து ஜவ்வரிசியைக் கிளறிவிட வேண்டும். "கால் சுட்டா ஜவ்வரிசி காயுதுன்னு அர்த்தம். கால் சுடலைன்னா அன்னிக்கு வேலை கிடையாது, கூலியும் கிடையாது" என்பார். மேகம் வந்தால் எல்லாரும் ஓடுவார்களாம், தார்ப்பாய் எடுக்க. மழைக்கு ஓடுகிற அந்த ஓட்டத்தை இன்றும் அவரிடம் பார்க்கலாம்.

சனிக்கிழமை காலை நாலு மணிக்கு நான் எழுந்தபோது கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. முதல் நாள் ராத்திரி ஊறிய ஜவ்வரிசி, ஒரு பங்குக்கு ஆறு பங்கு தண்ணீர். கரண்டியால் தூக்கிப் பார்த்தால் மணிகள் கண்ணாடியாகிவிட்டிருக்க வேண்டும், நடுவில் வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பச்சை மிளகாயும் உப்பும் அரைத்தது, கொஞ்சம் சீரகம். இறக்கிய பிறகுதான் எலுமிச்சை. அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசக்கும். மாடியில் மாமனாரின் பழைய வேட்டிகள் நாலு நனைத்துப் பிழிந்து விரித்திருந்தது. அவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, வேட்டிகளுக்கு ஓய்வில்லை. ஒரு கரண்டி கூழை ஊற்றிக் கரண்டியின் அடியால் ஒரே ஒரு சுற்று. இரண்டாவது சுற்று சுற்றினால் மெலிந்து, உரிக்கும்போது கிழியும். ஆறரை மணிக்கு நாலு வேட்டியும் நிறைந்துவிட்டது. காக்கைக்காகக் கறுப்புக் குடை ஒன்றைக் கம்பில் கட்டிவிட்டார்.

"நாலு மணிக்குள்ள வந்துடுங்க. வேட்டியைத் திருப்பித் தண்ணி தெளிச்சு உரிக்கணும். எனக்குக் குனிய முடியாது" என்றார். "வண்டியை மெதுவா ஓட்டச் சொல்லு." ஏப்ரல் கடைசியில் அந்த மலைப்பாதையில் ஒரு பஸ் கவிழ்ந்து உயிர்கள் போயிருந்தன. அந்தச் செய்தி அவர் மனதில் இருந்தது. எங்களுக்கும் இருந்தது.

கோரிமேடு தாண்டி அடிவாரம் போய்ச் சேரும்போதே வரிசை. நாங்கள் செய்த தப்பு என்ன என்றால், உள்ளூர்க்காரர்களாக இருந்துகொண்டு கத்திரிச் சனிக்கிழமையில் மலையேறியது. உள்ளூர்க்காரர் செவ்வாய்க்கிழமை போக வேண்டும். போதாக்குறைக்கு அந்த வாரம் மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாகியிருந்தது. ஏற்காட்டுக்கு அது கிடையாது. பாஸ் வாங்கச் சோம்பியவர்களெல்லாம் எங்கள் முன்னால் நின்றார்கள் என்பது என் சந்தேகம்.

இருபது கொண்டை ஊசி வளைவு. எட்டாவது வரை எறும்பாக ஊர்ந்தோம். ஆறு பேர், முழு ஏசி, முதல் கியர். பதினொன்றில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்ட இடமில்லை. பின்னால் ஹாரன். வீட்டுக்காரர் தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அவர் சொன்னது: "ஏசியை ஆஃப் பண்ணுங்க. ஹீட்டரைப் போடுங்க."

"என்னது?"

"ஹீட்டருங்க. புல்லா வைங்க. இஞ்சின் சூடு உள்ள வந்துடும், முள் இறங்கும். கண்ணாடியை இறக்கிக்கோங்க. ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துடாதீங்க."

கத்திரி வெயிலில், குளிர்ச்சி தேடி மலைக்குப் போகும் வழியில், ஹீட்டர் போட்டுக்கொண்டு போனோம். வண்டிக்குள் அடித்த காற்று அடுப்படிக் காற்று. நாத்தனார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள், அப்புறம் எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. முள் நிஜமாகவே இறங்கியது. பதினான்காவது வளைவில் சின்ன இடம் கிடைத்து நிறுத்தி, பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம்.

அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு குரங்கு எங்கள் புளிச்சோற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு போனது. எதிர்த்த மதில்மேல் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்து, சோற்றை ஒதுக்கிவிட்டு நிலக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றது. என் மகளும் அப்படித்தான் தின்பாள். கீழே சேலம் மொத்தமும் வெளிறிய புகைக்குள் கிடந்தது, எங்கள் வீடு எந்தப் பக்கம் என்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. காற்று மட்டும் மாறியிருந்தது. சேலம் கடல் மட்டத்துக்கு மேல் 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும் என்பது நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம். ஆக ஏழெட்டு டிகிரி. பாதி மலையில் அதில் பாதியாவது கிடைத்திருக்கும். கணக்குக்கு ஒத்துவந்தது.

மேலே போய்ச் சேர்ந்தது ஒன்றரை மணிக்கு. ஏரியில் படகு வரிசையைப் பார்த்ததும் திரும்பிவிட்டோம். கிளியூர் அருவியில் தண்ணீர் இல்லை என்று ஒரு டீக்கடைக்காரர் கையை விரித்தார். லேடிஸ் சீட்டில் நிற்க இடமில்லை. நேராகச் சேர்வராயன் கோவிலுக்கு விட்டோம். நான் எப்போதும் சொல்வது, ஏற்காட்டில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக நேரம் இருக்கிறது என்றால் அங்கே போங்கள். மலை உச்சி தட்டையாக, மரமில்லாமல், பரந்து கிடக்கும். குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். சேர்வராயனும் காவிரியம்மனும் உள்ளே. இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களின் தெய்வம். அவர்களுடைய திருவிழா ஆண்டுக்கு ஒருமுறை மே மாதத்தில் நடக்கும். இந்தக் குகை வழியே காவிரி பிறக்கும் இடம் வரைக்கும் போகலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சின்னவன் குகையின் இருட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நந்தி இருக்கிற தண்ணி இங்கிருந்தா போகுது?" என்றான். பூசாரி அவனுக்கு இரண்டு தடவை திருநீறு வைத்தார்.

வெளியே வந்தபோது வானத்தின் கிழக்கு மூலை கறுத்திருந்தது. மணி மூன்று. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வத்தல் ஞாபகம். மாமியாருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. போன் சமையலறையில் சார்ஜில் இருக்கும், அவர் மாடியில் இருப்பார். பக்கத்து வீட்டு எண்ணும் எடுக்கவில்லை.

வந்த வழியில் இறங்கினால் ராத்திரிதான் என்று குப்பனூர்ப் பாதையைப் பிடித்தோம். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் இரண்டு பக்கமும். வேறு நாளாக இருந்தால் நாலு இடத்தில் நிறுத்தியிருப்போம். பாதி இறங்கும்போது மழை பிடித்தது. கோடை மழைக்கே உரிய பெரிய பெரிய சொட்டு, வண்டிக் கூரையில் கல் எறிவது போல. கீழே மாந்தோப்புகள் வந்ததும் ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி, சாக்குக்கு அடியில் ஒதுங்கி நின்ற அம்மாவிடம் ஒரு கூடை மல்கோவாவும் கொஞ்சம் இமாம்பசந்தும் பேரம் பேசாமல் வாங்கினோம். மல்கோவா பெயர் பெற்ற அளவுக்கு ருசி இல்லை என்பது என் கட்சி. இமாம்பசந்துக்கு முன்னால் அது வெறும் எடை. வீட்டில் இதில் இரண்டு கட்சி உண்டு, விடுங்கள்.

அம்மாபேட்டை வரும்போது மணி ஆறரை. தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கதவு திறந்திருந்தது. நடையில் கால் வைக்க இடமில்லை. ஒரு வேட்டி நடை முழுக்க. இன்னொன்று கட்டிலில். மூன்றாவது ஏசி அறையில், தரையில், ஏசியோடு. நாலாவதை டைனிங் டேபிளில் போட்டு, மீந்த நுனியைப் பிரிட்ஜ் மேல் ஏற்றியிருந்தது. எல்லா மின்விசிறியும் முழு வேகத்தில். பச்சை மிளகாயும் எலுமிச்சையும் ஈர வேட்டியும் கலந்த வாசனை. மாமியார் முற்றத்துத் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முதல் சொட்டுக்கு முன்னாலேயே எதிர்வீட்டுத் தறிக்காரப் பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, வேட்டியின் நாலு முனையையும் பிடித்துத் தொட்டில் மாதிரி இறக்கியாயிற்றாம். ஒரு வத்தல் நகரவில்லையாம்.

"மேகம் வர்றது எப்படி தெரிஞ்சுது அம்மாயி?"

"கால் சுடலை" என்றார்.

அப்புறம் என்னைப் பார்த்து, "மலையில குளிர்ச்சியா இருந்துச்சா?" என்றார். நான் ஹீட்டர் கதையைச் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் திண்ணையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

வீடெல்லாம் வத்தல் படுத்துக்கொண்டதால் நாங்கள் மொட்டைமாடிக்குப் போனோம். தளத்தில் மழை ஆவியாகிக்கொண்டிருந்தது, பாயின் அடி வெதுவெதுப்பாக. நடுராத்திரி கீழே ஏதோ சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்தேன். மூன்று பிள்ளைகளும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, விளக்குப் போடாமல், ஓரத்து வத்தல்களை வேட்டியிலிருந்து பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மேலே தோல் கட்டி, உள்ளே இன்னும் கூழாக இருக்கும் பதம். பொரித்த வத்தலை விட அதுதான் ருசி என்பது எல்லாருக்கும் தெரியும். நானும் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு வெயில் கிடைத்தது. சாயங்காலம் மாமியார் ஒரு வத்தலை எடுத்து ஒடித்துப் பார்த்தார். ஒடியவில்லை, வளைந்தது. சனிக்கிழமையை அரை வெயில் என்று போட்டாலும் ஒன்றரைதான். "இன்னும் ஒரு வெயில் வேணும்" என்றார். நாத்தனாரின் பையில் மாம்பழம் மட்டும் ஏறியது. பார்சல் போட்டு அனுப்புகிறேன் என்று ரயிலடியில் நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

திங்கட்கிழமை வானம் மூடிக்கொண்டது. செவ்வாயும் அப்படியே. தினம் சாயங்காலமானால் தூறல். ஊரே அப்பாடா என்று மூச்சு விட்டது, ஒரு ஆளைத் தவிர. காலையில் வேட்டியோடு மாடிக்குப் போய், வெறுங்காலைத் தளத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கத்திரியில் வெயில் அடிக்கவில்லை என்று மேலே பார்த்துத் திட்டிக்கொண்டே இறங்கி வருவார்.